சமூகப் பணி, நலச் சமத்துவ ஆய்வுக்கு நிதியும் வாய்ப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூகப் பணி படிப்பவர்கள், மருத்துவமனையிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை பார்ப்பவர்கள், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டுப் பணத்துக்கு வழி தேடுபவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாரைப் பற்றி ஆய்வு செய்கிறோமோ அவர்களுடைய கை, ஆய்வுக் கேள்வியிலும் பட்ஜெட்டிலும் தெரிய வேண்டும். கீழே உள்ள பல பதில்கள் அதைச் சுற்றித்தான் வரும்.

நலச் சமத்துவ ஆய்வில் சமூகப் பணிக்கு என்ன வேலை? அது மருத்துவர்களின் துறை அல்லவா?

ஒரு பிரிவு மக்களுக்கு நோய் அதிகம், ஆயுள் குறைவு, அந்த வேறுபாடு தவிர்க்கக்கூடியது, நியாயமற்றது என்றால் அதைச் சமத்துவப் பிரச்சினை என்கிறோம். பிரிட்டிஷ் பொது சுகாதார அறிஞர் மார்கரெட் வைட்ஹெட் 1990-களின் தொடக்கத்தில் தந்த இந்த விளக்கம் இன்றும் எடுத்தாளப்படுகிறது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை வைத்து 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. எல்லோருக்கும் நிரந்தர அலுவலக வேலை, யாரும் பட்டினியில் இல்லை. இருந்தும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறக்கும் விகிதம் உயர்நிலை அதிகாரிகளைப் போல் சுமார் 3 மடங்காக இருந்தது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி முழுதாக மறையவில்லை. இந்த ஆய்வின் தரவை அலசி, பிறகு இரண்டாம் வைட்ஹால் ஆய்வை நடத்திய மைக்கேல் மார்மட் தலைமையில்தான் உலக சுகாதார நிறுவனம் 2005-ல் ஒரு குழுவை அமைத்தது. வீடு, வேலை, கல்வி, வருமானம், அதிகாரம் ஆகியவை உடல்நலத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்று அந்தக் குழு 2008-ல் அறிக்கை தந்தது.

வீடு, வேலை, வருமானம் இவையெல்லாம் சமூகப் பணியாளர் அன்றாடம் கையாளும் விஷயங்கள்தானே? சமூகப் பணி முன்னோடிகளான ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-ல் சிகாகோவில் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக மையத்தில், சுற்றியிருந்த புலம்பெயர்ந்தோர் குடியிருப்புகளை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். அங்கே தங்கியிருந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், அக்கம்பக்கத்துத் தொழிலாளர்களைப் பார்த்துத்தான் ஈய நச்சு போன்ற தொழில்சார் நோய்களை ஆராயத் தொடங்கினார். இந்தத் துறை சமூகப் பணிக்குப் புதிது அல்ல.

யார் பணம் தருகிறார்கள்?

பெரும்பகுதி அரசு அமைப்புகள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில், அதாவது என்.ஐ.எச்.சில், சிறுபான்மையினர் நலத்துக்கும் நல ஏற்றத்தாழ்வுக்கும் என்றே ஒரு தனி நிறுவனம் உண்டு. நல ஆய்வுக்கு நிதி தரப் பிரிட்டனில் என்.ஐ.எச்.ஆர்., கனடாவில் சி.ஐ.எச்.ஆர்., வளரும் நாடுகளின் ஆய்வுக்குக் கனடாவின் ஐ.டி.ஆர்.சி. இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வொடோவ்ஸ்கா-கியூரி ஃபெலோஷிப்புகள் எல்லாத் துறைகளுக்கும், எல்லா நாட்டவருக்கும் திறந்தவை. உலக சுகாதார நிறுவனத்தில் இருந்து இயங்கும் டி.டி.ஆர். 1975 முதல் ஏழை மக்களைத் தாக்கும் தொற்றுநோய்கள் பற்றிய ஆய்வுக்கும் பயிற்சிக்கும் உதவுகிறது. அறக்கட்டளைகளில் வெல்கம், ராபர்ட் வுட் ஜான்சன் இரண்டும் இந்தத் துறையில் பெரிய பெயர்கள்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று: பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கும் சிறு நிதிகளும் தொழில்முறைச் சங்கங்களின் முனைவர் பட்ட உதவித்தொகைகளும். தொகை சிறியது. ஆனால் போட்டி குறைவு, பதில் சீக்கிரம் வரும். அந்தப் பணத்தில் செய்த முன்னோட்ட ஆய்வு பிறகு பெரிய விண்ணப்பத்துக்குச் சான்றாக நிற்கும். முதல் முறை விண்ணப்பிப்பவர்களுக்கு நான் இங்கிருந்து தொடங்கத்தான் சொல்வேன்.

ஓர் எச்சரிக்கை. 2025-ல் அமெரிக்காவில் நலச் சமத்துவம் சார்ந்த பல நல்கைகள், அதாவது ஆய்வுக்குத் தரும் நிதிகள், நடுவழியில் நிறுத்தப்பட்டன. வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்குப் பணம் போகும் விதிகளும் மாறின. களத்தில் வேலையில் இருந்தவர்களுக்குச் சம்பளம் நின்றது, பாதி பேட்டிகளோடு ஆய்வுகள் தொங்கின. எந்த நாடாக இருந்தாலும் ஒரே நிதியாளரை நம்பி மொத்தத் திட்டத்தையும் கட்டாதீர்கள்.

அறிவிப்புகளில் "சமூகப் பணி" என்ற பெயரே இல்லையே?

பெரும்பாலும் இருக்காது. மனநலம், முதுமை, மாற்றுத்திறன், புலம்பெயர்வு, தாய்சேய் நலம், போதைப் பழக்கம், வீடற்றோர் ஆகிய தலைப்புகளில் தேடுங்கள். தகுதிப் பகுதியில் "சமூக அறிவியல் துறையினர்" என்று இருந்தாலே போதும், நீங்களும் விண்ணப்பிக்கலாம்.

என்னிடம் முனைவர் பட்டம் இல்லை. களப்பணியாளர்தான். எனக்கு ஏதாவது வழி உண்டா?

உண்டு, மூன்று நான்கு விதமாக.

மேற்படிப்புக்குப் போவதென்றால் ஃபுல்பிரைட், செவனிங், காமன்வெல்த், எராஸ்மஸ் முண்டஸ், ஜெர்மனியின் டாட் ஆகிய உதவித்தொகைகள் சமூகப் பணி, பொது சுகாதாரம் இரண்டுக்கும் கிடைக்கக்கூடியவை. செவனிங் 2 ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறது, படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி 2 ஆண்டு இருக்கவும் சொல்கிறது. களத்தில் வேலை செய்தவர்களுக்கு முதல் நிபந்தனை சாதகம்தான். படிப்புக்காக அல்லாமல் தலைமைப் பண்பை வளர்க்க என்றால் அட்லாண்டிக் ஃபெலோஸ் திட்டம் இருக்கிறது. அதில் நலச் சமத்துவத்துக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு, மருத்துவர் முதல் சமூகச் செயற்பாட்டாளர் வரை பல துறையினரைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

வேலையை விடாமல் செய்ய வேண்டும் என்றால் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளரோடு இணை ஆய்வாளராகச் சேருங்கள். அவரிடம் ஆய்வு முறை தெரியும் ஆட்கள் இருப்பார்கள், உங்களிடம் களம் இருக்கும். ஆனால் சேரும்போதே எழுத்தில் மூன்று விஷயங்களை வாங்கிக்கொள்ளுங்கள்: உங்கள் நேரத்துக்கு ஊதியம், கட்டுரையில் ஆசிரியர் பெயர், திரட்டிய தரவைப் பயன்படுத்தும் உரிமை. "ஆளைச் சேர்த்துக் கொடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் கூட்டணியில் களப்பணியாளருக்குக் கடைசியில் நன்றியுரையில் ஒரு வரிதான் மிஞ்சும்.

நல்ல ஆய்வுக் கேள்வியை எப்படி உருவாக்குவது?

நிதி கிடைப்பதும் கிடைக்காததும் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பொதுவாக வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். சிலர் அடிக்கடி வராமல் போகிறார்கள். கோப்பில் "ஒத்துழைக்காதவர்" என்று எழுதப்படுகிறது. அந்தப் பிரிவின் சமூகப் பணியாளர் முதலில் எழுதும் தலைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "டயாலிசிஸ் நோயாளிகளின் சமூகப் பொருளாதார நிலை". இதற்கு யாரும் பணம் தரமாட்டார்கள். பதில் முன்பே தெரிந்தது, அதை வைத்து எதையும் மாற்றவும் முடியாது.

இப்போது அவர் வராமல் போன நோயாளிகளோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுகிறார். நோயாளிக்கு வரத் தயக்கம் இல்லை, கூட வருபவருக்குத்தான் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது என்று தெரியவருகிறது. மாதக் கடைசியில் வாடகை நெருங்கும்போது வருகை குறைகிறது. கேள்வி மாறுகிறது: "துணைக்கு வருபவரின் கூலி இழப்பை ஈடுகட்டினால், தவறவிடும் டயாலிசிஸ் அமர்வுகளும் அவசரச் சேர்க்கைகளும் குறையுமா?" இதில் யார், என்ன மாற்றம், எதை அளக்கிறோம், பதிலை வைத்து மருத்துவமனை என்ன செய்யலாம் என்ற நான்கும் இருக்கின்றன. தவறு யாருடையது என்ற பார்வையும் நோயாளியிடமிருந்து அமைப்பின் பக்கம் திரும்பிவிட்டது. நலச் சமத்துவ ஆய்வுக்கு உயிர்நாடி அந்தத் திருப்பம்தான்.

இந்தக் கேள்வியை அறையில் தனியாக உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன்: நிதி அறிவிப்பைத் திறப்பதற்கு முன் மக்களோடு பேசுங்கள்.

பேட்டி, குழு உரையாடல் போன்ற ஆய்வுக்கு நிதி கிடைக்குமா? "எண்ணிக்கை போதாது" என்கிறார்களே?

கிடைக்கும், முறையை விளக்கினால். "20 பேரைப் பேட்டி எடுப்போம்" என்று மட்டும் எழுதினால் மதிப்பீட்டாளர் ஏன் 20 என்று கேட்கத்தான் செய்வார். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், என்னென்ன விஷயங்கள் இருக்கின்றன என்பது 9 பேட்டிகளில் தெரிந்துவிட்டது, அவற்றை ஆழமாகப் புரிந்துகொள்ள 16 முதல் 24 பேட்டிகள் தேவைப்பட்டன. இதுபோன்ற சான்றோடு உங்கள் எண்ணிக்கையை நியாயப்படுத்துங்கள். பேட்டி ஆய்வுகளை எழுதும்போது சரிபார்க்க கோரெக் என்ற 32 அம்சப் பட்டியல் இருக்கிறது. அதைத் திட்டம் போடும்போதே பக்கத்தில் வைத்துக்கொண்டால் பிறகு அவதி இல்லை.

ஃபோட்டோவாய்ஸ் முறையையும் பாருங்கள். 1990-களில் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களை வைத்து அவர்களே பேசும்படி கரோலைன் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உருவாக்கிய முறை அது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தங்கள் பிரச்சினையைத் தாங்களே அதிகாரிகள் முன் வைக்க அது வழி செய்தது.

மதிப்பீட்டாளர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

என்.ஐ.எச். 2025 தொடக்கத்திலிருந்து மூன்றாகச் சுருக்கியிருக்கிறது: ஆய்வு முக்கியமானதா, முறை உறுதியானதா செய்து முடிக்கக்கூடியதா, ஆட்களும் வசதியும் இருக்கிறார்களா. மற்ற நிதியாளர்களும் வேறு வார்த்தைகளில் இதையேதான் கேட்கிறார்கள்.

ஒரு மதிப்பீட்டாளர் கையில் பல விண்ணப்பங்கள் இருக்கும். உங்களுடையதை இரவில் களைப்போடுதான் படிப்பார். முதல் பக்கத்தில் பிரச்சினை, இடைவெளி, கேள்வி, என்ன செய்யப் போகிறீர்கள் என்பது வரிசையாக விழ வேண்டும். "விளிம்புநிலை மக்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல் யார் என்று சொல்லுங்கள். துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் முதல் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்துங்கள்.

விண்ணப்பிக்கும் முன் நிதி அலுவலரிடம் பேசலாமா?

தாராளமாக. பல நிதியாளர்கள் அதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கச் சுருக்கத்தை அனுப்பி, "இது உங்கள் திட்டத்துக்குப் பொருந்துமா?" என்று நேராகக் கேளுங்கள். பொருந்தாது என்று பதில் வந்தால் உங்கள் உழைப்பு மிச்சம்.

பட்ஜெட்டில் என்னவெல்லாம் போட வேண்டும்?

சம்பளம், பயணம், கருவி, மென்பொருள் இவற்றை எல்லோரும் போடுகிறார்கள். விட்டுப்போவது மற்றவைதான்.

பங்கேற்பவர்களுக்கு அவர்கள் செலவழிக்கும் நேரத்துக்கு ஒரு தொகை, போக்குவரத்து, பேட்டி நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், சைகை மொழி அல்லது வேறு மொழிக்கு மொழிபெயர்ப்பாளர். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்கக் குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும், பலர் பேசும் குழு உரையாடல் என்றால் இன்னும் கூடும். வன்முறையையும் மரணத்தையும் பற்றிய பேட்டிகளை நாள் முழுக்கக் கேட்கும் களப்பணியாளருக்கு மனநல ஆதரவுக்கும் பணம் ஒதுக்குங்கள். முடிவுகளை அந்த மக்களிடமே கொண்டுபோய்ச் சொல்லும் கூட்டத்துக்கும்தான்.

இரண்டு சிக்கல்களை முன்கூட்டியே யோசியுங்கள். ஒன்று, சில நாடுகளில் அரசு உதவி பெறுபவருக்கு நீங்கள் தரும் தொகை வருமானமாகக் கணக்கிடப்பட்டு அவருடைய உதவி குறையலாம். நல்லது செய்யப் போய் அவர்கள் வயிற்றில் அடித்ததாக ஆகிவிடும். தொகை தரும் முன் விதியைக் கேட்டு, எப்படி வாங்கிக்கொள்ள விருப்பம் என்று அவர்களிடமே கேளுங்கள். இரண்டு, பல நிதியாளர்கள் செலவு செய்த பிறகுதான் பணம் தருவார்கள். பல்கலைக்கழகம் தாங்கும். மூன்று பேர் வேலை செய்யும் சமூக அமைப்பு தாங்காது. அவர்களுக்கு முன்பணம் போகும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

மின்சாரம், கட்டடம், கணக்குப் பிரிவு இவற்றுக்கான மறைமுகச் செலவுக்கென்று நிதியில் ஒரு பங்கை உங்கள் நிறுவனம் எடுத்துக்கொள்ளும். விகிதம் நிதியாளருக்கு நிதியாளர் மாறும் என்பதால் உங்கள் நிதிப் பிரிவைக் கேட்காமல் மொத்தத் தொகையை எழுதாதீர்கள்.

நெறிமுறைக் குழு அனுமதி ஏன் இவ்வளவு கடினம்?

காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அரசு சுகாதாரத் துறை சிஃபிலிஸ் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டே இருந்தது. 1940-களில் பென்சிலின் வந்த பிறகும் தரவில்லை. அதே துறையில் பாலியல் நோய்த் தொடர்பு விசாரிப்பவராக வேலை செய்த பீட்டர் பக்ஸ்டன், உள்ளே புகார் செய்து பலனில்லாமல் செய்தியாளரிடம் சொன்னார். அதன் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. ஆய்வில் பங்கேற்பவர்களைக் காக்கும் நெறிகளை வகுத்த 1979-ன் பெல்மாண்ட் அறிக்கை அதைத் தொடர்ந்து வந்தது. சமத்துவ ஆய்வு செய்யும் நாம் இந்தக் கதையை மறக்கக் கூடாது. ஆய்வு என்ற பெயரைக் கேட்டாலே சில சமூகங்கள் ஒதுங்குவதற்கு இதுபோன்ற அனுபவங்கள்தான் காரணம்.

நடைமுறையில், ஒப்புதல் படிவத்தை ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மூச்சு முட்டும் வாக்கியங்களை வெட்டுங்கள். "பங்கேற்க மறுத்தாலும் உங்கள் சிகிச்சையோ உதவியோ நிற்காது" என்ற வரியை மேலே கொண்டுவாருங்கள். ஆய்வாளரே அந்த நபரின் சமூகப் பணியாளராகவும் இருந்தால், ஒப்புதல் கேட்க வேறு ஒருவரை அனுப்புங்கள். தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017-ல் தங்களுக்கென்றே ஆய்வு நெறிமுறைகளை வெளியிட்டார்கள். நீங்கள் போகும் சமூகத்துக்கும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

எந்தப் பணத்தை வாங்கக் கூடாது?

முடிவால் லாபமோ நஷ்டமோ அடைபவரின் பணம் என்றால் மிகக் கவனம். 1960-களில் அமெரிக்கச் சர்க்கரைத் தொழில் அமைப்பு ஒன்று ஹார்வர்ட் ஆய்வாளர்களுக்குப் பணம் தந்து, இதய நோயில் சர்க்கரையின் பங்கைக் குறைத்துக் காட்டும் கட்டுரையை 1967-ல் வெளியிட வைத்தது. 2016-ல்தான் அது ஆவணங்களோடு அம்பலமானது. முடிவை வெளியிடும் முன் நிதியாளரின் ஒப்புதல் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

விண்ணப்பத்தை செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதலாமா?

நிதியாளரின் விதியைப் பாருங்கள். பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்ட விண்ணப்பத்தை ஏற்பதில்லை என்று என்.ஐ.எச். 2025-ல் அறிவித்தது, ஓர் ஆய்வாளர் ஆண்டுக்கு 6 விண்ணப்பங்கள்தான் அனுப்பலாம் என்ற வரம்பையும் போட்டது. மொழியைச் சரிபார்க்கப் பயன்படுத்துவது ஒரு பக்கம் இருக்கட்டும். பங்கேற்பாளர்களின் பேட்டிகளை மட்டும் எந்தப் பொதுச் செயலியிலும் ஏற்றாதீர்கள். அவர்கள் அதற்கு ஒப்புதல் தரவில்லை.

நிராகரித்துவிட்டார்கள். அடுத்து என்ன?

பெரும்பாலான விண்ணப்பங்கள் முதல் முறை நிராகரிக்கப்படுகின்றன, நல்லவையும்தான். கருத்துகளை ஒரு முறை படித்துவிட்டுச் சில நாள் தள்ளி வையுங்கள். பிறகு இரண்டு மதிப்பீட்டாளர்கள் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் அது திருத்தியே ஆக வேண்டியது. ஒருவர் உங்கள் ஆய்வைத் தவறாகப் புரிந்திருந்தால், எந்த வாக்கியம் அவரைத் திசைதிருப்பியது என்று தேடுங்கள். என்.ஐ.எச்.சில் திருத்திய விண்ணப்பத்தை 37 மாதங்களுக்குள் அனுப்பலாம். வேறொரு நிதியாளருக்கு அனுப்புவதென்றால் தலைப்பை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள், அது உடனே தெரிந்துவிடும்.

கட்டுரை வெளியிட ஜர்னல் பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க ஜர்னல்கள் பல நியாயமாகவே கட்டணம் வாங்குகின்றன, குறைந்த வருமான நாட்டினருக்குத் தள்ளுபடியும் தருகின்றன. கேட்டால்தான் கிடைக்கும். போலிகளும் உண்டு. திறந்த அணுக்க ஜர்னல்களைத் தொகுக்கும் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். நாலே நாளில் ஏற்றுக்கொண்டோம் என்று மின்னஞ்சல் வந்தால் ஒதுங்கிவிடுங்கள். கட்டுரைகளைப் படிக்க வழியில்லாத நிறுவனங்கள் ரிசர்ச்4லைஃப் மூலம் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ அணுகலாம், தகுதி நாட்டைப் பொறுத்தது.

கடைசித் தேதிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. இப்போது தொடங்கலாமா?

சிறிய பயண உதவித்தொகை என்றால் சரி, எழுதுங்கள். ஆய்வு நல்கை என்றால் வேண்டாம். நிறுவனத்தின் ஒப்புதல் கையெழுத்துக்கே ஒரு வாரம் போகும், பரிந்துரைக் கடிதம் எழுதுபவருக்குக் குறைந்தது மூன்று வாரம் தர வேண்டும். எல்லாவற்றையும் விட, சமூக அமைப்பிடம் போய் "நாளைக்குள் ஆதரவுக் கடிதம் கொடுங்கள்" என்று கேட்க வேண்டியிருக்கும். அவர்கள் கொடுத்துவிடுவார்கள், ஆனால் திட்டத்தைப் படித்திருக்க மாட்டார்கள். அடுத்த சுற்றுக்கான தேதியைக் குறித்துக்கொண்டு, இந்த வாரம் அவர்களோடு முதல் சந்திப்பை வையுங்கள். கடைசித் தேதி எந்த நாட்டு நேரப்படி என்பதையும் இப்போதே பார்த்து எழுதி வைத்துவிடுங்கள்.